ஏழாம் நாற்காலி

ஜூன் 4

என் இல்லத்துக்கு உரியவளுக்கு,

ஆண்டவன் அருள் உன்னைச் சூழ்ந்திருப்பதாக. முழங்கால் அறுவை முடிந்து நேற்று மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வலி இருக்கிறது, வைத்தியர் சொன்ன அளவுக்குள் இருக்கிறது. மருமகள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறாள். பேத்தி என் வாக்கரை "தாத்தா வண்டி" என்று வீடெங்கும் தள்ளித் திரிகிறாள்; எனக்கு வேண்டும்போது அது சமையலறையில் இருக்கிறது. தொலைபேசியில் உன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. ஆகவே நமக்குக் கடிதமே உகந்தது.

இனி தலையாய செய்தி. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நீ நம் சேவைக் கழகத்துக்குப் போகவேண்டும். முடிதிருத்தகத்தின் மேல்மாடி, படியேறியதும் இடப்பக்கம். சுவரோரம் கிடக்கும் பதினான்கில் ஏழாவது நாற்காலி என்னுடையது. அதில் உட்கார். விதி பதினொன்றை நான் எழுதிய அன்றே உனக்குப் படித்துக் காட்டினேன். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினர் அல்லர். அவர் வீட்டார் ஒருவர் அவர் நாற்காலியில் வந்து அமர்ந்தால் இடம் காக்கப்படும். அப்படி அமர்பவர் இடைவிடாமல் பன்னிரண்டு கூட்டங்கள் அமர்ந்துவிட்டால் நாற்காலி அவருடையதாகும். ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலிதான். மரக்கடைக்காரர் தம் மைத்துனரை மாதக்கணக்கில் அனுப்பிவிட்டு வீட்டில் உறங்கியதால் அந்தப் பன்னிரண்டு கூட்ட வரியைச் சேர்த்தேன். அது நடைமுறைக்கு வந்த பதினோராம் வாரம் அவர் மூச்சிரைக்க ஓடிவந்த கதையைக் கேட்டு நீயும் சிரித்தாய். நமக்கு அந்தக் கவலையில்லை. ஆறே வாரத்தில் வந்துவிடுவேன்.

நீ பேசவேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். தொடக்கத்தில் இறைவணக்கம் படிப்பது மட்டும் செயலாளரான என் பொறுப்பு; அதை நீ செய். பதினாறு ஆண்டுகளாக வாரந்தோறும் புதுப்பாடல் ஒன்று இயற்றி நானே படித்து வருகிறேன். இந்த வாரத்துக்குரியது இத்துடன் உள்ளது. சீர் பிரித்துப் படி. மூன்றாம் அடியில் மூச்சு விடாதே. அங்கே நடப்பதை ஒன்றுவிடாமல் எனக்கு எழுது.

உன் நலம் கோரும்,
உன் கணவன்

*

ஜூன் 11

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவருக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் நலமாக மடங்கி நிமிர வேண்டுமென்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று போனேன், உட்கார்ந்தேன். ஏழாம் நாற்காலியின் இடது கையில் ஓர் ஆணி எழும்பி நிற்கிறது. என் புடவையைப் பிடித்துக்கொண்டது. பதினாறு ஆண்டுகள் அதில் உட்கார்ந்த நீங்கள் இதைச் சொல்லவேயில்லை.

பாடலைப் படித்தேன். மூன்றாம் அடியில் மூச்சு வாங்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும். தலைவியான பல் டாக்டர், "நல்லாப் படிச்சீங்கம்மா. அர்த்தம்தான் எனக்கு முழுசா எட்டல, அது என் குறை" என்றார். எட்டாம் நாற்காலியில் இருப்பவர், எல்லாரும் விசில் என்று கூப்பிடுகிறார்களே, அந்த ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், என் பக்கம் சாய்ந்து, "அண்ணி, அண்ணன் நாற்காலியில உக்காந்தா அண்ணன் முகத்தையும் சேத்து வெச்சுக்கணும்னு விதி ஏதும் இருக்கா? இல்லேன்னா கொஞ்சம் சிரிக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தையற்காரர் தம் தாயாருக்காகக் கழகத்தில் இரவல் வாங்கிப் போன சக்கர நாற்காலியைக் குறித்த நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். அதன்மேல் சுற்றியிருந்த காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. பிரேக்கை எப்படி விடுவிப்பதென்று தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டார்களாம். அந்தத் தாயார் மூன்று வாரமும் கட்டிலிலேயே கிடந்திருக்கிறார். இதைக் குறிப்பேட்டில் எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

பேத்திக்கு என் முத்தம். அவளுக்கு இப்போது எத்தனை வார்த்தை வருகிறது என்று எழுதுங்கள்.

உங்கள்
மனைவி

*

ஜூன் 20

என் இல்லத்துக்கு உரியவளுக்கு,

இறைவன் உன்னைக் காப்பானாக. நான் பத்தடி நடக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன. தையற்காரர் வீட்டுச் செய்தி குறிப்பேட்டுக்கு உரியதன்று. கருவி கொடுத்த நாள், திரும்பிய நாள், கையொப்பம், இம்மூன்றே அதற்கு உரியவை. நீதிமன்றத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன்: ஏட்டில் இரக்கம் புகுந்தால் ஏடு கெட்டுப்போகும்.

டாக்டர் அம்மையார் இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அர்த்தம் எட்டவில்லை என்று என்னிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு வாரமும் தலையசைத்துக் கேட்டவர் அவர். நீ படித்த முறையில் ஏதோ குறை நேர்ந்திருக்க வேண்டும்.

விசில் என்பவர் பதினாறு ஆண்டுகளாக என் பக்கத்து நாற்காலியில் இருப்பவர். ஒருமுறையேனும் அவர் என்னைச் சிரிக்க வைத்ததில்லை. உன்னை முதல் நாளே எப்படிச் சிரிக்க வைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னதாக நீ எழுதியதில் நகைச்சுவை எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கூட்ட நேரத்தில் பக்கத்து நாற்காலியோடு பேசுவது விதி நான்குக்கு மாறானது என்பதை அவருக்கு நினைவூட்டு. நீயாகப் போய்ப் பேசவேண்டாம். பேசினால் மட்டும் நினைவூட்டு.

பாடல் இணைத்திருக்கிறேன்.

உன் நலம் நாடும்
கணவன்

*

ஜூலை 9

அன்புடையவருக்கு,

வணக்கம். இங்கே எல்லாம் சுகம். வலிக்கும் காலை அழுத்தி ஊன்றாதீர்கள். நான்கு வாரச் செய்தியையும் ஒன்றாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை சற்று மிகுந்துவிட்டது.

தையற்காரரின் தாயார் கட்டிலிலேயே கிடந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. உங்கள் அம்மாவை நான்கு ஆண்டுகள் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைத்த கைகள் அல்லவா இவை? உங்களுக்கு எழுதிய மறுநாள் காலையில் அதே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். கட்டிலோடு சாய்வாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கால்பலகையை மடக்கிவிட்டு, அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் திருப்பி உட்காரவைப்பதைத் தையற்காரரின் மனைவிக்குச் செய்து காட்டினேன். அந்த அம்மாள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுக்கு வெளக்கு எப்போ போட்டாங்க?" என்று கேட்டார். ஆறு மாதமாகிறதாம் விளக்குப் போட்டு.

அடுத்த வாரம் ஒரு பெயின்டர் வீட்டுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டது. நான் போகாமல் தையற்காரரின் மனைவியை அனுப்பினேன். பின்னாலேயே நானும் போய் வாசலில் நின்று கேட்டேன். "பிரேக்கப் போட்டுட்டு அப்புறம் தூக்குங்கக்கா. நான் போடாமத் தூக்கி, மாமியாரும் நானும் ஜோடியா தரையில உக்காந்தோம். அவங்க என்னைத் திட்டுனாங்க, நான் நாற்காலியத் திட்டுனேன்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது கழகத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு கருவி தேவையில்லாமற் போனால் அந்த வீட்டார் அதைக் கழகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அடுத்து வேண்டிய வீட்டுக்குத் தாங்களே கொண்டுபோய், உட்காரவைத்துக் காட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கருவி அறை காலியாக இருக்கிறது. அதன் சாவியை உங்கள் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பேத்தியைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே.

உங்கள்
மனைவி

*

ஜூலை 23

அன்புடையவருக்கு,

வணக்கம். உங்களுக்குக் காய்ச்சல் என்றும், தையலில் சீழ் பிடித்தது என்றும், இப்போது குறைந்துவிட்டது என்றும் மகன் தொலைபேசியில் சொன்னான். குறைந்த பிறகுதான் சொன்னான். கடிதம் எழுதச் சிரமப்படாதீர்கள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கூட்டங்கள் நடக்கின்றன. இறைவணக்கம் குறைவின்றி நடந்தது. எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

உங்கள்
மனைவி

*

ஜூலை 30

என் மனையாளுக்கு,

இறைவன் சித்தத்தால் காய்ச்சல் தணிந்தது. ஆயினும் செப்டம்பர் நடுவரை இங்கேயே இருக்கவேண்டும் என்பது வைத்தியர் கட்டளை.

"இறைவணக்கம் குறைவின்றி நடந்தது" என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சலில் கிடந்த நான் ஜூலை பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் பாடல் அனுப்பவில்லை. பின் எதைப் படித்தாய் என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில் டாக்டர் அம்மையாரின் அட்டை வந்தது. என் நலம் விசாரிக்க வந்த அட்டை. அதில் என்னைப் பற்றி இரண்டு வரி; உன்னைப் பற்றி ஒன்பது வரி. எண்ணினேன். அம்மையார் எழுதியதை அப்படியே தருகிறேன்: "உங்க பாட்டு வரலைன்னதும் அம்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. அப்புறம், 'ஆண்டவனே, படுத்திருக்கிறவங்களை நீ பாத்துக்கிறே. அவங்களைத் தூக்குறவங்க இடுப்புக்கும் கொஞ்சம் பலம் குடு'ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. மரக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். இப்போ எல்லாரும் அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்துடுறாங்க, அம்மா இன்னிக்கு என்ன சொல்லப் போறாங்கன்னு."

பதினாறு ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு பாடல்கள் இயற்றியிருக்கிறேன். எதுகை பிழைத்த பாடல் ஒன்றுகூட இல்லை. என் பாடலுக்காக மரக்கடைக்காரர் மூக்கைச் சிந்தியதில்லை. பல சமயம் குறட்டை விட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு முன்னதாக வந்தவர் நான் ஒருவனே. சாவி என்னிடம் இருந்ததால் வந்தேன்.

ஊடல் தலைவிக்கு உரியதென்று இலக்கணம் வகுத்த பெரியோர் எழுபத்தொரு வயதுக் கிழவன் ஒருவனை எண்ணிப் பார்க்கவில்லை. தினமும் மறைநூலைத் திறந்து அழுக்காறு தீது என்னும் பகுதியைப் படிக்கிறேன். படித்து முடித்ததும் அதே அழுக்காறு என்னோடு எழுந்து பத்தடி நடந்து, திரும்பி, என்னோடு உட்காருகிறது.

நேற்றோடு எட்டுக் கூட்டங்கள். நீ எண்ணுகிறாயா?

கணவன்

*

ஆகஸ்டு 6

அன்புடையவருக்கு,

வணக்கம். உங்கள் காய்ச்சல் திரும்பவில்லை என்று மகன் சொன்னான். இப்போதுதான் எனக்கு உண்ணப் பிடிக்கிறது.

எண்ணுகிறேன். நேற்றோடு ஒன்பது.

பாடல் வராத அன்று உங்கள் பழைய பாடல் ஒன்றைப் படித்திருக்கலாம். உங்கள் பாடல் ஏடு கையில்தான் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் உங்களுக்கு மனநிறைவாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறைத்தது தவறு, உங்களுக்குக் காய்ச்சல் என்பதால் எழுதவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நீங்கள் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

நீங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று நானும் கூட வருகிறேன் என்றேன். "நாற்காலிக்கு யார்?" என்று கேட்டீர்கள். நான் பையை அவிழ்த்து மடித்த துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தேன். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறெங்கும் போய்விடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டு இருபத்தாறாம் தேதிக் கூட்டத்துக்குக் கருவி வாங்கிய ஒன்பது வீட்டாரையும் அழைத்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. மேல்மாடிக்கு ஏற முடியாதவர்களுக்காக முடிதிருத்துபவர் அன்று கடையை அடைத்துவிட்டுக் கீழே இடம் கொடுக்கிறார். தையற்காரரின் தாயார் என்ன உடுத்துவது என்று இப்போதே கேட்டு அனுப்பியிருக்கிறார்.

அது பன்னிரண்டாவது கூட்டம். தேதி வைத்தபோது அதை நான் யோசிக்கவில்லை. விசில்காரர்தான் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

பேத்திக்கு என் ஆசி. நீங்கள் எழுதமாட்டீர்கள் என்பதால் மருமகளிடமே கேட்டுக்கொண்டேன். முப்பது வார்த்தை வருகிறதாம்.

உங்கள்
மனைவி

*

ஆகஸ்டு 16

என் மனையாளுக்கு,

நலம். நலம் விழைகிறேன்.

விசில்காரர் விரல்விட்டு எண்ணினார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு ஏன் அந்த எண்ணிக்கை? என் நாற்காலி கைமாறும் நாளை என் பக்கத்து நாற்காலிக்காரர் எண்ணிக்கொண்டிருக்கிறார். நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். சிரித்தாயா என்பதை எழுதவில்லை.

சுருங்கச் சொல்கிறேன். பத்தொன்பதாம் தேதி போ. இருபத்தாறாம் தேதி போகாதே. ஒரு வாரம் விட்டால் எண்ணிக்கை அறுந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதற்குள் நான் வந்துவிடுவேன். உடல்நலமில்லை என்று சொல்லி அனுப்பு. அந்தச் சிறு பொய்யின் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த ஒன்பது வீட்டாரின் கூட்டத்தை நான் வந்தபின் என் தலைமையில் மீண்டும் வைத்துக்கொள்ளலாம். தகுந்த பாடல் ஒன்றும் இயற்றுவேன். வேலையைவிட்டு வந்தபின் எனக்கென்று இருப்பது அந்த ஓர் இடம். வீட்டில் எல்லாம் உன்னுடையவை. அடுப்பு உன்னுடையது, பிள்ளைகளின் அன்பு உன்னுடையது, அண்டை அயலார் வாசலில் நின்று கூப்பிடுவதும் உன் பெயரைத்தான். சனிக்கிழமை ஐந்து மணி ஒன்றுதான் என்னுடையதாக இருந்தது. அதையும் எடுத்துக்கொள்ளாதே.

கணவன்

*

ஆகஸ்டு 21

அன்புடையவருக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நலம்.

இருபத்தாறாம் தேதி நான் நாற்காலியில் உட்காரமாட்டேன்.

உங்கள்
மனைவி

*

ஆகஸ்டு 28

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, எட்டாம் நாற்காலி எழுதிக்கொள்வது,

வணக்கம். கால் எப்படி இருக்கிறது? ஓடும் பஸ்ஸில் ஏறும் அளவுக்கு வேண்டாம், நிற்கும் பஸ்ஸில் ஏறும் அளவுக்கு வந்தால் போதும்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். ஆனால் சனிக்கிழமை நடந்ததை அண்ணி எழுதமாட்டார்கள் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பிழையிருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுங்கள், அனுப்பக்கூடியவர்தான் நீங்கள்.

ஐந்து மணிக்கு முடிதிருத்தகம் நிரம்பிவிட்டது. ஒன்பது வீட்டாரும் வந்துவிட்டார்கள், அண்ணி வரவில்லை. ஐந்தே காலுக்குத் தையற்காரரின் தாயார், "அவ விழுந்துட்டா. இல்லேன்னா வராம இருக்கமாட்டா" என்றார். அவ்வளவுதான். டாக்டரம்மா முன்னால், நாங்கள் பின்னால், இரண்டு சக்கர நாற்காலி, ஒரு வாக்கர், பெயின்டர் தோளில் ஒரு மடக்குக் கட்டில், ஊர்வலமாக உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெருவில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அண்ணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஓடிப்போய், "என்னம்மா ஆச்சு? எங்கே வலி?" என்றார். அண்ணி கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார்கள். "வலி ஒண்ணுமில்ல. உடம்பு நல்லாத்தான் இருக்கு. வரலை, அவ்வளவுதான்" என்றார்கள். பெயின்டர் கட்டிலைத் தோளிலிருந்து இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"சரி, எல்லாரும் வந்தாச்சு, கூட்டத்தை இங்கேயே வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. உங்கள் வீட்டு நாற்காலி, பக்கத்து வீட்டு நாற்காலி எல்லாம் போட்டோம். அண்ணிக்கென்று நடுவில் ஒன்றைக் காலியாக விட்டோம். மரக்கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய, "உக்காருங்கம்மா, இதுதான் பன்னெண்டாவது! உக்காந்தா நீங்களே உறுப்பினர். விதி எழுதின கைக்கு என் சார்பா ஒரு கும்பிடு!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணி உட்காரவில்லை. "எனக்கு நின்னாத்தான் சௌகரியம்" என்று கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்கள்.

அண்ணா, ஒரு மணி பத்து நிமிடம். ஒன்பது வீட்டாரும் ஒவ்வொருவராகப் பேசி முடிக்கும் வரை நின்றார்கள். இறைவணக்கம் சொல்லச் சொன்னோம். "இன்னிக்கு வேற யாராவது சொல்லுங்க" என்றார்கள். வேறு யாருக்கும் சொல்ல வரவில்லை. தையற்காரரின் தாயார் சக்கர நாற்காலியிலிருந்து அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து, "என்னை உக்காரவெச்சவளே, நீ ஏம்மா நிக்கிறே?" என்று கேட்டார். அண்ணி ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார்கள், அவ்வளவுதான். அந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. சரியாகவும் சொல்லவில்லை. நான் முப்பது வருடம் நடத்துநர். டிக்கெட் எடுக்காமல் நிற்பவர் யார், எடுத்துவிட்டு இடமில்லாமல் நிற்பவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அண்ணி டிக்கெட் எடுத்துவிட்டு நின்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் நேரில் வந்து காட்டுங்கள். தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
விசில்

*

செப்டம்பர் 4

என் இல்லத்துக்கு உரியவளுக்கு,

உன் கால்கள் எப்படி இருக்கின்றன? இதை நான் முதலில் கேட்கிறேன். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் கேட்ட நினைவில்லை.

விசில்காரரின் கடிதம் வந்தது. எட்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. சிவப்பு மையை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடிவைத்துவிட்டேன்.

ஒரு மணி பத்து நிமிடம். இன்று காலை அதை அறிய விரும்பி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று பார்த்தேன். பதினேழாம் நிமிடத்தில் மருமகள் ஓடிவந்து உட்காரவைத்தாள். "என்ன மாமா, யார்கிட்ட பந்தயம்?" என்று கேட்டாள்.

நான் உன்னைப் போகாதே என்றேன். நீ போகவில்லை. நோய் என்று சொல்லச் சொன்னேன். நீ சொல்லவில்லை. அவர்கள் உன் வாசலுக்கே வந்தபோது, ஒருவரும் பார்க்காத விதியொன்றைப் பிடித்துக்கொண்டு, ஊரே உட்கார்ந்திருக்க நீ ஒருத்தி நின்றாய். நான் எழுதிய விதிகளை இதுவரை இத்தனை நுணுக்கமாகக் கடைப்பிடித்தவர் யாருமில்லை, நான் உட்பட.

மனம் திருந்திவிட்டேன் என்று எண்ணிவிடாதே. ஒன்பது வீட்டார் உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசியதைப் படித்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்த இடுப்புப் பிரார்த்தனையை நான் இயற்றியிருக்கக் கூடாதா என்று இன்னும் ஏங்குகிறேன். இயற்றியிருந்தால் 'இடுப்பு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மருங்குல்' என்று எழுதியிருப்பேன், மரக்கடைக்காரர் உறங்கியிருப்பார். இதெல்லாம் என்னோடு சாகும் என்றே தோன்றுகிறது. அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இத்துடன் தலைவி அவர்களுக்கு என் விலகல் கடிதம் இருக்கிறது. இரண்டே வரி. ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி. அந்த வீட்டின் நாற்காலி காலியாகிறது. பன்னிரண்டு வாரம் எண்ணத் தேவையில்லை. நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று விதி மூன்று சொல்கிறது. மகனைவிட்டுத் தபாலில் சேர்க்காமல் நானே தபால் நிலையத்துக்கு நடந்து வந்து, இந்த வரிகளை இங்கேயே எழுதிச் சேர்க்கிறேன். நூற்றிருபது அடி. வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போ. போய் உட்கார்.

உன்
கணவன்

ஒரே ஒரு வேண்டுகோள். ஏழாம் நாற்காலியே வேண்டும் என்பதில்லை. இரண்டாம் நாற்காலிக்குக் காற்று நன்றாக வரும். அங்கே பக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது.

*

செப்டம்பர் 10

என் அன்புக்குரியவருக்கு,

வணக்கம். என் கால்கள் நலம். நூற்றிருபது அடி நடந்த உங்கள் கால் எப்படி? வீங்கியதா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்றைய கூட்டத்தின் நிகழ்ச்சிகள் வருமாறு:

கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. பதினான்கு நாற்காலிகளில் பதின்மூன்று நிரம்பியிருந்தன. மரக்கடைக்காரர் தம் மைத்துனரை அனுப்பியிருந்தார். தலைவி உங்கள் விலகல் கடிதத்தைப் படித்தார். மைத்துனர், விவரம் தெரியாமல், "யாருங்க அது, ரெண்டே வரியில விலகுறவரு? நான் பாத்த செயலாளரு ஒரு வணக்கம் சொல்லவே பத்து வரி எடுத்துக்குவாரே" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. என் விண்ணப்பமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இறைவணக்கத்தின்போது நான் உங்கள் பாடல் ஒன்றைப் படித்தேன். உங்கள் பாடல் ஏட்டைப் புரட்டியதில் ஆறு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதியது அகப்பட்டது. நடுவில் நிறுத்தி, ஒவ்வோர் அடிக்கும் பொருளைச் சாதாரணப் பேச்சில் சொன்னேன். "இவ்வளவு நல்ல விஷயத்தையா அவர் இத்தனை வருஷமா எங்ககிட்டே இருந்து ஒளிச்சு வெச்சிருந்தார்?" என்று டாக்டர் கேட்டார். குறட்டை விட ஆளில்லை, மைத்துனர் விழித்துக்கொண்டிருந்தார்.

கண் மருத்துவமனைக்கு எதிர் வீட்டுக்கு ஒரு வாக்கர் போயிருக்கிறது. பெயின்டரின் மனைவி போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

நாற்காலி மாற்றவில்லை. ஏழிலேயே உட்கார்ந்தேன், ஆணியை முடிதிருத்துபவரிடம் சுத்தியல் வாங்கி நானே அடித்து இறக்கினேன். விலகிய உறுப்பினர்கள் பார்வையாளராக வந்து சுவரோரப் பெஞ்சியில் அமரலாம் என்று விதி ஏதும் இல்லை. ஆகவே அப்படி ஒன்றை நேற்று நான் முன்மொழிந்தேன். எட்டாம் நாற்காலி வழிமொழிந்தது. நிறைவேறியது.

வழிமொழியும்போது விசில்காரர் என் காதோரம் ஒன்று சொன்னார். நான் சிரித்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்த நாள், திரும்பிய நாள், கையொப்பம் தவிர வேறெதையும் எழுதும் வழக்கம் நம் கழகத்தில் இல்லை.

உங்கள் வரவை எதிர்நோக்கும்
மனைவி,
உறுப்பினர்